ஓராண்டுக் கைத்தையல்

ஓராண்டு முழுவதும் விடாமல் தைப்பது, பின்னுவது, பூவேலை செய்வது என்று தீர்மானிக்கிறவர்கள் இரண்டு விதமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சாரார் பொருளை எண்ணுவார்கள்: மாதம் ஒரு சட்டை, வாரம் ஒரு பை, ஆண்டு முடிகையில் இத்தனை என்று. இன்னொரு சாரார் நேரத்தை எண்ணுவார்கள். தினமும் அரை மணி ஊசி கையில் இருக்க வேண்டும். அதற்குள் என்ன முடிகிறதோ அதுவே அன்றைய வேலை. இரண்டும் ஒரே விரதம் போலத்தான் தோன்றும். ஆனால் பொருளை எண்ணுகிறவருக்குச் சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. தலையணை உறை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். லைனிங் வைத்த ரவிக்கையோ, முதல்முறை தைக்கிறவரிடம் ஒரு வாரத்தை வாங்கிவிடும். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை பின்தங்கும் மாதத்தில் கை தானாகவே எளிய வேலையைத் தேடிப் போகும். புதிதாகக் கற்கலாம் என்று தொடங்கியவர் தெரிந்ததையே திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருப்பார். நேரத்தை எண்ணுகிறவருக்கு இந்த நெருக்கடி இல்லை. அவிழ்த்துத் திருப்பித் தைத்த அரை மணியும் அவருக்கு அரை மணிதான்.

இந்த இரண்டு கணக்குகளும் ஒருமுறை இந்திய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டன. தையலில் அன்று, நூற்பில். 1924 ஜூனில் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, கட்சி அமைப்புகளில் பொறுப்பு வகிப்போர் தினமும் அரை மணி நேரமாவது நூற்க வேண்டும், மாதந்தோறும் 2,000 கஜம் நூல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த டிசம்பரில் காந்தி தலைமை வகித்த பெல்காம் மாநாட்டில் இதுவே உறுப்பினர் எல்லோருக்குமான சந்தா ஆயிற்று. மாதம் 2,000 கஜம் என்றால் ஆண்டுக்கு 24,000 கஜம், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர் நூல். நூற்க மனமில்லாதவர் வேறொருவர் நூற்ற அதே அளவு நூலைக் கொடுக்கலாம் என்ற விலக்கும் அதே தீர்மானத்தில் இருந்தது. தினசரி அரை மணி பின்னுக்குப் போய்விட்டது, கஜம் முன்னுக்கு வந்துவிட்டது. கஜத்தை விலைக்கு வாங்கலாம். அரை மணியை வாங்க முடியாது. 1925 செப்டம்பரில் பாட்னாவில் கட்டாயம் தளர்ந்தது. நாலணா கட்டலாம், அல்லது ஆண்டுக்கு 2,000 கஜம் நூல் தரலாம் என்று விதி மாறியது. நூற்பதில் உள்ளபடியே பற்றுக்கொண்டவர்களுக்காக அகில பாரத சர்க்கா சங்கம் அங்கேயே பிறந்தது. ஆக, ஒரு பெரும் இயக்கம் உறுப்பினர் எல்லோருக்கும் விதித்த மாதக் கணக்கு ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. நாட்டுப்பற்றுக்கு அதில் குறைவிருந்ததாகச் சொல்ல முடியாது. அளக்கக் கூடாத இடத்தில் அளவுகோலை வைத்ததுதான் குறை.

கையால் செய்வதென்றால் மெஷினைத் தொடவே கூடாதா என்ற கேள்வி இத்தகைய தீர்மானங்களில் சீக்கிரமே வந்துவிடும். அதற்கும் அந்த 1924இலேயே ஒரு பதில் இருக்கிறது. இயந்திரங்களை அடியோடு எதிர்க்கிறீர்களா என்று கேட்ட சாந்திநிகேதன் மாணவர் ஒருவரிடம், சிங்கர் தையல் இயந்திரத்துக்குத் தாம் விலக்கு அளிப்பதாகக் காந்தி சொன்னார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைக் கண்ட ஒருவரின் அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் கருத்து. கேட்ட மாணவர் ஜி. ராமச்சந்திரன்; 1947இல் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர். தையற்கடைகள் வெகுகாலமாகப் பின்பற்றும் பிரிவினையும் இதுதான். பக்கத் தையல், தோள் தையல் போன்ற நீள ஓட்டங்கள் மெஷினுக்கு. காஜா, ஹெம்மிங், கொக்கி, பட்டன் ஆகியவை கைக்கு. ஓராண்டுக்கு வேலை செய்ய நினைக்கிறவரும் இப்படிப் பிரித்துக்கொள்வதே நல்லது. பாவாடையின் நீளத் தையலைக் கையால் போட்டே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் மாசி தொடங்கும்போதே களைத்துவிடுவார்.

தையற்கடையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் உண்டு. அது கற்கும் வரிசை. கடையில் வேலை பழக வரும் பையன் முதலில் மெஷினில் உட்கார மாட்டான். காஜா பையன் என்றே அவனுக்குப் பெயர். பட்டன் கட்டுவது, காஜா எடுப்பது, ஹெம்மிங் செய்வது, பிசிறு வெட்டுவது, இஸ்திரி போடுவது என்றே மாதங்கள் போகும். பிறகு தலையணை உறை, உள்பாவாடை, பிறகு சட்டை. துணி வெட்டும் கத்தரிக்கோல் கைக்கு வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. கட்டிங் மாஸ்டர் மேசையில் மற்றவர் கை படாது. வீட்டில் தொடங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் வாரமே நல்ல துணியை விரித்து வெட்டிவிடுகிறார்கள். தவறாகத் தைத்ததை அவிழ்க்கலாம். தவறாக வெட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. கடையின் வரிசைக்கு முதல் காரணம் துணியைக் காப்பாற்றுவது. இரண்டாவது காரணம், துணியின் குணத்தை விரல் அறிந்த பிறகே அதை வெட்டும் துணிவு நியாயமாகிறது என்பது. முதல் மூன்று மாதங்களை முடிப்பு வேலைக்கே ஒதுக்குகிற ஓராண்டுத் திட்டம் உறுதியானது. மந்தமாகத் தோன்றினாலும் அதுதான் உறுதியானது.

காஜாவையே எடுத்துக்கொள்ளலாம். அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு கீறல். சட்டையின் மிகச் சிறிய பகுதிகளில் ஒன்று. ஆனால் கைத்தையலின் பாதிப் பாடம் அதற்குள் அடங்கிவிடுகிறது. கீறலின் நீளம் பட்டனின் குறுக்களவோடு அதன் கனத்தையும் சேர்த்து வர வேண்டும். கனத்தை விட்டுவிட்டால் பட்டன் நுழையாது. துணியை வெட்டுமுன் கீறல் வரப்போகும் இடத்தைச் சுற்றி நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுவைத்தால் இழை பிரியாது. வெட்டியவுடன் இரு ஓரங்களையும் லேசாகச் சுற்றித் தைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான காஜா. தேன்மெழுகில் இழுத்த நூலை ஊசியில் கோத்து, கீறலின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழை உள்ளே குத்தி, ஊசி பாதி வெளிவந்த நிலையில் நூலை அதன் முனைக்கடியில் சுற்றி, மேல்நோக்கி இழுத்தால் ஓரத்தின் மீது சிறு முடிச்சு ஒன்று உட்காரும். அடுத்த குத்து அதை ஒட்டியே வர வேண்டும். முடிச்சுகள் மணிகோத்தாற்போல் வரிசையாக நின்றால் பட்டன் எத்தனை ஆண்டு உராய்ந்தாலும் கீறல் தாங்கும். பட்டன் இழுக்கும் முனையில் குத்துகளை விசிறிபோல் விரிப்பார்கள். மறுமுனையில் குறுக்கே இரண்டு நூல் போட்டு அதன்மேல் கட்டுவார்கள். முதல் காஜா கோணலாகத்தான் வரும். இருபதாவது காஜாவில், இழுக்கும் விசை எவ்வளவு என்று கண் பார்க்கும் முன்பே விரலுக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சீரான விசையைப் புத்தகம் எதுவும் கற்றுத்தராது. நாட்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் வருவது அது, ஓராண்டு என்ற நீளத்துக்குத் தேவையும் அதனால்தான்.

பழக்கம் படிவதற்கு எவ்வளவு நாளாகும் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து எழுதிய ஆய்வு 2010இல் ஒரு சமூக உளவியல் இதழில் அச்சானது. அவர்கள் பார்த்தது தையலை அன்று. சாப்பாட்டோடு பழம் சேர்ப்பது, நடப்பது போன்ற அன்றாடக் காரியங்களை. ஒரு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலையை எட்ட 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம் என்றும், நடுமதிப்பு 66 நாள் என்றும் கண்டார்கள். இருபத்தொரு நாளில் எதுவும் பழகிவிடும் என்று மேடைகளில் சொல்லப்படுவதற்கு இதில் ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியமானது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடுவதில்லை. காய்ச்சல் நாளும் கல்யாண நாளும் ஊர்ப்பயணமும் எந்த ஆண்டிலும் உண்டு. தவறிய நாளை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்டப் பார்ப்பதுதான் விரதத்தை முறிக்கும். விட்ட நாள் விட்டதாகவே இருக்கட்டும். ஒரே நேரம், ஒரே இடம் என்று அமைத்துக்கொள்வது அதைவிடப் பயன் தரும். காலைக் காப்பிக்குப் பிறகு, ஜன்னலோர நாற்காலியில், கையெட்டும் தூரத்தில் ஊசிப்பெட்டி இருந்தால் போதும். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கல் வாங்கல் கூடாது என்று தமிழ் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு; சில கடைகளில் இன்றும் அந்திக்குமேல் ஊசி விற்கமாட்டார்கள். நம்பிக்கை எதுவானாலும், கறுப்புத் துணியில் கறுப்பு நூல் பகல் வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் படும்.

மாதத்துக்கு ஒரு வேலை என்ற எண்ணத்துக்கு மிகச் சிறந்த முன்மாதிரி எலிசபெத் சிம்மர்மன் எழுதிய ‘நிட்டர்ஸ் அல்மனாக்’. 1974இல் வெளிவந்த நூல். சிம்மர்மன் 1910இல் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வாழ்ந்தவர். கம்பளிப் பின்னலை வடிவத்தாளின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவர் என்று பின்னலாளர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுகிறார்கள். பஞ்சாங்கம்போல ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு அத்தியாயம், மாதம் ஒரு வேலை. பருவத்துக்கு முன்னால் நடப்பதுதான் அதன் சிறப்பு. அடுத்த குளிருக்கான கையுறைகளை மே மாதமே தொடங்கச் சொல்கிறார். டிசம்பருக்கு அவர் வைத்திருப்பது தடித்த கம்பளியில் சீக்கிரம் முடிந்துவிடும் கடைசி நேர ஸ்வெட்டர். பண்டிகை நெருக்கடியை அறிந்தவரின் ஏற்பாடு. ஜூலைக்கு வட்டச் சால்வை. நடுவில் 9 கண்ணியில் தொடங்கி, 18 ஆக்கி, 3 சுற்றுப் பின்னி 36 ஆக்கி, 6 சுற்றுப் பின்னி 72 ஆக்கி, இப்படிச் சுற்றும் கண்ணியும் இரட்டித்துக்கொண்டே போகும். வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற பள்ளிக் கணக்குதான் முழுச் சூத்திரமும். 48 சுற்றுக்கு எதையும் எண்ணாமல் பின்னிக்கொண்டே போகலாம் என்பதால் கோடைப் பயணத்துக்கு அது பொருந்துகிறது. எந்த மாதத்தில் மனிதர்களுக்கு எவ்வளவு கவனம் மிச்சமிருக்கும் என்று யோசித்து வேலையை அமைத்ததில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

விஸ்கான்சின் பனிக்கு எழுதியதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டு ஆண்டின் ஓட்டம் வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் விரல் வியர்த்து ஊசி வழுக்கும்; மடியில் கனத்த துணியை வைத்துக்கொள்ள முடியாது. மல் துணியில் குழந்தைச் சட்டை, கைக்குட்டை ஓரம், பருத்திச் சேலைக்கு ஃபால்ஸ் என்று லேசான வேலைகளுக்கு உரிய காலம் அது. ஆடியில் தள்ளுபடிக் கடைகள் துணியை வாரி இறைக்கும். வாங்குவதற்கு அது மாதமாக இருக்கலாம், தைப்பதற்கு அதுவே எச்சரிக்கை மணி. தீபாவளிக்குச் சில வாரம் முன்பே தையற்கடைகளில் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்; வீட்டில் தைக்கிறவருக்கும் அதே கெடு பொருந்தும். பண்டிகைத் துணியை ஆவணிக்குள் வெட்டி, புரட்டாசிக்குள் மெஷின் வேலையை முடித்து, ஐப்பசிக்குக் கைவேலையை மட்டும் மிச்சம் வைத்தவர் நிம்மதியாக இருப்பார். ஐப்பசி, கார்த்திகை மழையில் துவைத்த துணி காயாது, ஊசி துருப்பிடிக்கும். எண்ணெய் ஒற்றிய ஃபிளானல் துண்டில் ஊசிகளைக் குத்திவைத்து, எடுத்தவுடன் முதல் குத்தைக் கழிவுத் துணியில் போட்டுத் துடைத்துக்கொள்வார்கள். ஆனால் வெளியே போக முடியாத அந்த மாதங்கள்தான் நீண்ட கைவேலைக்கு ஆண்டிலேயே நல்ல காலம். மார்கழிக் குளிருக்குப் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கலாம். போகியன்று பழைய துணியை வெளியே தள்ளும் வீட்டில், அதற்கு முந்தைய வாரம் பட்டன், ஜிப், கொக்கி, ஜரிகைக் கரை ஆகியவற்றைப் பிரித்து எடுத்துவைப்பதையும் ஒரு வேலையாகவே குறித்துக்கொள்ளலாம். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தயார் செய்யும் வழக்கம் இந்த ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தொடர்ந்துவருகிறது. பல முறை துவைத்த பருத்தியின் மென்மையைப் புதுத் துணி தராது.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பருத்தித் துணியை வெட்டுமுன் ஒருமுறை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். பாவு நெடுக்கில் துணி நீளாது, ஊடைக் குறுக்கில் சற்று நீளும், கிராஸாக வெட்டினால் நன்றாக இழுபடும். கழுத்துப் பட்டிக்கும் பைப்பிங்குக்கும் கிராஸ் பீஸ் வெட்டுவது அதனால்தான். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மெஷின் ஊசியில் எண் கூடக்கூட ஊசி தடிக்கும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. நூலை ஒரு முழத்துக்குமேல் வெட்டக் கூடாது. நீளமாக வெட்டினால் அடிக்கடி கோக்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் நீள நூல் சிக்கும், முறுக்கு அவிழும், துணியில் பலமுறை உரசிப் பஞ்சாகும். இதற்குமேல் பெரிய சாமான் பட்டியல் தேவையில்லை. ஆண்டுத் தொடக்க உற்சாகத்தில் எம்பிராய்டரி நூல் எல்லா நிறத்திலும், பத்து விதத் துணியும் வாங்கிக் குவிப்பவர்களுக்குக் குவியலே பாரமாகிவிடுகிறது. வாங்குவது தைப்பதைப்போன்ற ஒரு நிறைவைத் தருகிறது, ஆபத்து அங்கேதான்.

ஆண்டின் நடுவில் ஒரு தொய்வு வராமல் இருக்காது. ஆரம்ப ஆவல் வடிந்திருக்கும், கைத்திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது, பாதியில் நின்ற வேலைகள் அலமாரியில் சேர்ந்திருக்கும். ரவிக்கையில் கை பொருந்தாமல் போனது, பின்னலில் ஒரு கண்ணி நழுவியது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் ஏதோ ஒரு முட்டுக்கட்டை இருக்கும். பெரும்பாலும் வேலை நின்ற இடம் தெரியாத நுட்பம் ஒன்று குறுக்கிட்ட இடமாகவே இருக்கும். அந்த ஒன்றை மட்டும் தனியாகக் கழிவுத் துணியில் பழகிப் பார்ப்பது, தெரிந்த தையற்காரரிடம் அல்லது அத்தையிடம் கேட்பது, இவற்றில் தீராத முட்டுக்கட்டை குறைவு. தீராததைப் பிரித்துத் துணியை மீட்டுக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம். எல்லாவற்றையும் முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கைவேலையில் இல்லை.

தொய்வைத் தாண்டுவதற்கு நெடுங்காலம் நீளும் ஒரே வேலையை அருகில் வைத்துக்கொள்வதும் நல்ல உபாயம். நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளிப் போர்வையில் செய்யும் பூவேலை இதற்கு உயர்ந்த சான்று. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் செய்வது. வரைபடம் கிடையாது, சட்டம் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போகிறது. வேலை முடிந்தபின் இருபுறமும் அழகாக இருக்கும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்துக் காந்தாவில் பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் மட்டும் போடுவார்கள். ஜசீமுத்தீன் 1929இல் எழுதிய ‘நக்ஷி காந்தார் மாட்’ நெடுங்கவிதையில் பிரிந்துபோன கணவனை எண்ணி ஒரு பெண் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைத்துவைக்கிறாள். ஜப்பானின் வடக்கே சுகாருப் பகுதியில் உழவர்கள் பருத்தி உடை அணியத் தடை இருந்த காலத்தில், சணல்வகைத் துணியின் இடைவெளிகளைப் பருத்தி நூலால் இழை எண்ணி அடைத்துக் குளிரைத் தடுத்தார்கள். கோகின் என்னும் பூவேலை அப்படி வளர்ந்தது. மூன்றிலும் தையல் முறை மிக எளிமையானது. காலம்தான் அவற்றுக்கு அடர்த்தியைத் தந்தது. தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தவரும் இவற்றில் ஒன்றின் வழியில் ஆண்டுமுழுதும் போகலாம்.

மேலை நாடுகளில் அண்மைக்காலமாகப் பரவிய ‘வெப்பநிலைப் போர்வை’யும் இந்த வகையைச் சேர்ந்தது. அன்றைய வெப்பத்துக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரி, 365 வரியில் ஒரு போர்வை. பனியும் வெயிலும் மாறிமாறி வரும் ஊரில் நிறங்கள் பளிச்சென்று பிரியும். சென்னையில் சராசரிப் பகல் உச்சம் ஜனவரியில் 29 டிகிரியை ஒட்டியும் மே மாதத்தில் 37, 38 டிகிரியை ஒட்டியும் நிற்பதால், பத்து டிகிரிக்கு ஒரு நிறம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் வேண்டும். அதைவிட மழையைத் தைப்பது இந்த ஊருக்குப் பொருத்தம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் பாதிக்குமேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்படிப்பட்ட துணியில் ஒன்பது மாத வெளிர்நிறமும் மூன்று மாத அடர்நீலமும் ஒரு பார்வையில் தெரியும்.

பழுது பார்ப்பதை ஓராண்டுக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். சேர்க்கத்தான் வேண்டும், அதைவிடப் பெரிய கைவேலை இல்லை என்றுகூடச் சொல்லலாம். கிழிசலை இழையோட்டி மூடுவதற்கு நெசவைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டையைச் சுற்றி நல்ல துணியில் அரை அங்குலம் தள்ளித் தொடங்கி, முதலில் நெடுக்கே நூல்களைப் பாவுபோல விரித்து, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் ஊசியை ஓட்டினால் ஓட்டை இருந்த இடத்தில் புதுத் துணியே நெய்யப்பட்டிருக்கும். திருப்பும் இடங்களில் நூலைச் சற்றுத் தளரவிட வேண்டும். துவைக்கும்போது நூல் சுருங்கித் துணியைச் சுருக்காமலிருக்க அந்தத் தளர்வு தேவை. புதிதாகத் தைத்ததை ஊரே பாராட்டும். ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய பள்ளிச் சீருடையை யாரும் கவனிப்பதில்லை. ஆயினும் வீட்டுக்கு மிச்சமானது அங்கேதான். ஜப்பானில் பிப்ரவரி 8 அன்று, சில இடங்களில் டிசம்பர் 8 அன்று, ஆண்டில் முறிந்த ஊசிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மென்மையான டோஃபு கட்டியில் குத்தி நன்றி செலுத்தும் ஹரி குயோ என்ற வழக்கம் இருக்கிறது. கடினமான துணியில் உழைத்த ஊசிக்குக் கடைசியில் மெத்தென்ற இடம் தருகிறார்கள்.

செய்ததைக் குறித்துவைக்க நல்ல முறை ஒன்று தமிழ்நாட்டுத் தையல் வகுப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. அரசு நடத்தும் லோயர், ஹையர் கிரேடு தையல் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு தையலையும் சிறு துணித் துண்டில் போட்டு ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, கீழே பெயரும் பயனும் எழுதுவார்கள். ஓட்டுத் தையல், பின்தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், ஒட்டு, பிளீட், டக் என்று அது விரியும். ஐரோப்பாவில் மாதிரித் துணி என்ற வழக்கமாக இருந்ததும் இதுதான். தேதியிட்ட ஆங்கிலேய மாதிரித் துணிகளில் மிகப் பழையது, ஜேன் பாஸ்டாக் 1598இல் தைத்தது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு குழந்தையின் பிறப்பும் அதில் தையலால் பதிவாகியிருக்கிறது. ஓராண்டில் தைத்த பொருள்கள் பலருக்குப் போய்ச்சேர்ந்துவிடும், கிழியும், சிறுக்கும். நோட்டில் ஒட்டிய துண்டுகள் இருக்கும். முதல் பக்கத்துக் காஜாவையும் கடைசிப் பக்கத்துக் காஜாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிடச் சிறந்த மதிப்பீடு வேறில்லை.

இந்த அரை மணி யாருடையது என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. நாகர்கோவிலில் 1819 முதல் வாழ்ந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு தங்கள் விடுதலையை வாங்கினார்கள். கைவேலைக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கிறது. இன்று அதே வேலையைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் வேண்டிய ஹெம்மிங்கையும் பட்டனையும் வீட்டில் ஒருத்தி தலையில் கட்டிவிடுவது எந்த வகையிலும் நியாயமில்லை. தையற்கடைகளை நிரப்பியிருந்தவர்கள் ஆண்கள்தாம். வீட்டுக்குள் மட்டும் ஊசி பெண்ணுக்கு உரியதாகிவிட்டது. தைக்கிறவர் அந்த அரை மணியில் அடுப்பையும் கதவு மணியையும் கவனிக்க வேண்டியதில்லை என்று வீடு ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் ஆண்டைத் தொடங்குகிறவர்கள், வீட்டிலுள்ள பையனுக்கும் பெண்ணுக்கும் பட்டன் தைக்கக் கற்றுக்கொடுப்பதை முதல் மாத வேலைகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும்.